குழாயில் கோத்த நீர்

உட்கார்ந்த இடத்தில் தூங்கிப் போனதால்தான் நான் ஊர் வாயில் விழுந்தேன். கோட்டாட்சியர் அலுவலகத்தில், எங்கள் நிலத்தைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோது, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினேன். எல்லோர் சார்பாகவும் பேச வேண்டும் என்று என்னைத்தான் அழைத்துப் போயிருந்தார்கள்.

என் பெயர் இந்திராணி. வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் அப்பா இன்னொருவர் பண்ணையில் ஆளாக இருந்தவர். உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துப் பிரித்துக் கொடுத்தபோது அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. எங்கள் வம்சத்தில் பட்டாவில் பெயர் ஏறிய முதல் ஆள் அவர்தான். அவருக்குப் பிறகு அது எனக்கு வந்தது. போன ஐப்பசியில், சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடித்திருந்த சமயத்தில், புதிதாக வரப்போகும் புறவழிச்சாலைக்கு அந்த வயலின் நடுவே அளவுக்கல் ஊன்ற வந்தார்கள். அந்த வரிசையில் நிலம் இருந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், கோர்வையாகப் பேசுவேன். அதனால் மனு எழுதுவதும் அதிகாரிகளிடம் பேசுவதும் என் தலையில் விழுந்தன.

அன்று கோட்டாட்சியர் தன்மையாகத்தான் பேசினார். "அறுவடை வரைக்கும் வேலையத் தள்ளி வைக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. எப்ப அறுப்பீங்க, யார் யாருக்கு அதுல நிலம் போகுது, நீங்களே சொல்லுங்கம்மா" என்று என்னைப் பார்த்துக் கேட்டாராம். கேட்டாராம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் காதில் அது விழவே இல்லை. மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது பக்கத்து நாற்காலியில் இருந்த ராமதிலகம் என் தொடையைக் கிள்ளியதுதான். கண்ணைத் திறந்தால் அறை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.

"கொறட்ட விட்டுட்டியடி" என்று ராமதிலகம் காதோடு சொன்னாள்.

எழுந்து என்னவோ பேசினேன். பாதி வாக்கியத்தில் நின்றேன். இன்னொரு நாள் பேசலாம் என்று கோட்டாட்சியர் முடித்துக்கொண்டார். வேனில் திரும்பி வரும்போது ஒருவரும் என்னோடு பேசவில்லை. ராமதிலகம் பக்கத்து வயல்காரி, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாரத்துக்குள் ஊரில் பேச்சு ரெண்டாகப் பிரிந்தது. பொம்பளை குடித்துவிட்டு வந்திருந்தாள் என்றார்கள் சிலர். கேள்வி வரும் நேரம் பார்த்துத் தூங்குவதுபோல் நடித்தாள், அவள் விலை போய்விட்டாள் என்றார்கள் மற்றவர்கள். குடித்தேன் என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இன்னொன்றை என்னால் தாங்க முடியவில்லை.

உண்மையில் அந்தத் தூக்கம் அன்றைக்கு வந்ததல்ல. ரெண்டு மூன்று வருஷமாகவே காலையில் எழுந்தால் தலை பாறாங்கல் மாதிரி கனக்கும். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்க வேண்டிய இடம் போய்விடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தால் பொங்கி வழிந்த பிறகுதான் விழிப்பு. மாதவிலக்கு நிற்கிற வயது, அதனால்தான் அசதி என்று நினைத்தேன். ரத்தம் குறைவு என்று மாத்திரை சாப்பிட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்குகிறவளுக்குப் பகலில் எப்படித் தூக்கம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கார்த்திகை பிறந்த சமயம் வயலுக்கு உரம் தெளிக்கப் போனேன். தலை சுற்றி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி ஓடி வந்தார். அவர் அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். என்னையும் மூட்டை மாதிரிதான் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டார். வலங்கைமான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் பயங்கரமாக ஏறியிருக்கிறது என்று தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மருத்துவமனையில் பெண்கள் பொது வார்டில் படுக்கை கிடைத்தது.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் முத்துலெட்சுமி என்று ஒரு அம்மாள். கடற்கரை ஊர்க்காரி, கூடையில் மீன் சுமந்து விற்கிறவர். காலில் சர்க்கரைப் புண்ணுக்காக வந்திருந்தார். குரல் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கும். நான் வந்த மறுநாள் காலை, டாக்டர் சுற்றி வரும் நேரத்தில், அந்த அம்மாள் என்னைக் கை காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, இந்தப் பொண்ண கொஞ்சம் நல்லாப் பாருங்க. கொறட்ட விடுது, அது இருந்துட்டுப் போவுது. எங்க வீட்டு ஆம்பளைங்க போட் இஞ்சின் மாதிரி விடுவாங்க. ஆனா இந்தப் பொண்ணு விட்டுக்கிட்டே இருந்து டபக்குன்னு நிறுத்திடுது. மூச்சே இல்ல. நான் எந்திரிச்சி உக்காந்து பாக்குறேன், நெஞ்சு எழும்புது, காத்து உள்ள போவல. தண்ணிக்குள்ள முங்குன ஆளு மேல வர்ற மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டுத் திரும்பியும் தூங்குது. ராப்பூரா இதே கதைதான்."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். டாக்டர் பெண்மணி சிரிக்கவில்லை. முத்துலெட்சுமி அம்மாள் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு என் கழுத்தை அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார். கால்மாட்டில் நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "வீட்லயும் இப்படியா? நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

அவர் கட்டில் கம்பியைத் தடவினார். "பாத்திருக்கேங்க. தோளத் தொட்டு அசைச்சா மூச்சு வந்துரும். அசைச்சி அசைச்சி விடுவேன்" என்றார்.

"எவ்ளோ நாளா?"

"நாளா என்னங்க, வருஷமா."

நான் போர்வையை விலக்கி அவரைப் பார்த்தேன். டாக்டர் போன பிறகு, "ஏங்க, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"கொறட்ட விடுறன்னு பொம்பளையப் பாத்து எப்படி இந்திரா சொல்றது? சங்கடப்படுவ. நான்தான் பக்கத்துல இருக்கேனே, தட்டி விட்டா ஆச்சுன்னு இருந்துட்டேன். அது வியாதின்னு எனக்குத் தெரியாது."

முத்துலெட்சுமி அம்மாள் இந்தப் பக்கம் கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய ஒரே நாசூக்கு அதுதான்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததும் தூக்கப் பரிசோதனை என்று ஒன்று வைத்தார்கள். தூங்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்று ராத்திரி முழுக்கப் பதிவு செய்வது. தனி அறை. தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப், மூக்குக்குக் கீழே மெல்லிய குழாய். அதையெல்லாம் செய்தது ஜெயந்தி என்ற டெக்னீஷியன் பெண், கர்ப்பிணி. குனிந்து நிமிர்ந்து ஒட்டும்போது அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. "இத்தன கயிறு கட்டுனா மாடுகூடத் தூங்காதேம்மா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. லைட்ட அணைச்சதும் முதல்ல தூங்குறது அவங்கதான்" என்றாள். அப்படியேதான் நடந்தது.

முடிவு வந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். எனக்கு வந்திருப்பது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். ஸ்லீப் அப்னியா என்று பெயர். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைச் சதை தளரும். என்னைப் போன்றவர்களுக்கு அது தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரமான சைக்கிள் டியூப் காற்று இறங்கியதும் ஒட்டிக்கொள்வது மாதிரி. காற்றுப் போகாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்துபோய் நம்மை ஒரு கணம் எழுப்பிவிடும். நமக்கு அது தெரியாது. இப்படி மணிக்கணக்காக, திரும்பத் திரும்ப. தூங்கினோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், உடம்போ ஓடிக் களைத்துக் காலையில் எழுகிறது. விட்டுவிட்டால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். என் ரத்த அழுத்தம் ஏறியதற்கும் அது ஒரு காரணம்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேனோ. டாக்டர், "இல்லம்மா, இத்தன வருஷம் இத வச்சிக்கிட்டு வயல் வேலையும் பாத்திருக்கீங்களே" என்றார். அந்த வார்த்தை எனக்கு மருந்து மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள என் வீட்டுக்காரர் தோள் துண்டை நீட்டினார்.

அதற்கு வைத்தியம் ஒரு மெஷின். சிபேப் என்கிறார்கள். டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுதான் இருக்கும். காற்றை ஒரு அழுத்தத்தோடு குழாய் வழியாக அனுப்பும். மூக்கின் மேல் பொருந்தும் மாஸ்க் வழியாக அது உள்ளே போய்த் தொண்டை ஒட்டாமல் தாங்கிப் பிடிக்கும். காற்று வறட்சியாகப் போனால் மூக்கு எரியும் என்பதால் மெஷினோடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அது சூடாகிக் காற்றை ஈரமாக்கும். காப்பீட்டு அட்டையில் இது வராது என்று சொல்லிவிட்டார்கள். எப்படிப் புரட்டினோம் என்பதை எழுதினால் இது வேறு கதையாகிவிடும். திருப்பூரில் இருக்கும் எங்கள் மகன் பாதி கொடுத்தான், மீதிக்கு அலைந்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது முத்துலெட்சுமி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மூடிய மாட்டிக்கிட்டுத்தான் படுக்கணும், ஏமாத்தக் கூடாது" என்றார். அவர் காலில் கட்டு அப்படியே இருந்தது. என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டில் முதல் நாள் மாட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் கண் விழித்தபோது எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. தலை கனக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தென்னை மட்டை ஆடுவது தெரிந்தது, அதன் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காபி குடிக்கும்போது சும்மா அழுதேன். ஒரு நல்ல தூக்கம் இப்படி இருக்கும் என்பதையே மறந்து போயிருக்கிறேன்.

மூக்கு மட்டும் லேசாகக் காய்ந்தது. ஈரத்தைக் கூட்டும் பொத்தான் இருக்கிறதே என்று நானே அதைக் கடைசி எண் வரை ஏற்றி வைத்தேன். எலி ஒயரைக் கடித்துவிடும் என்று என் வீட்டுக்காரர் மெஷினை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தார். குழாய் அங்கிருந்து என் முகத்துக்குத் தொங்கும். கொசுவுக்காக மார்கழியிலும் மின்விசிறி ஓடும், ஜன்னலும் திறந்திருக்கும். நாங்கள் செய்ததெல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தது.

மார்கழிப் பனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் வயலும் வாய்க்காலும் ஒரே வெள்ளையாக இருக்கும், கூரையிலிருந்து சொட்டும். ஒருநாள் தூக்கத்தில் நான் வெண்ணாற்றில் முழுகிக்கொண்டிருந்தேன். மூக்கில் தண்ணீர் ஏறுகிறது, கத்த முடியவில்லை. பதறி எழுந்தால் உண்மையாகவே மூக்கில் தண்ணீர். மாஸ்க்குக்குள் களக்களக்கென்று சத்தம். பிய்த்து எறிந்தேன். குழாயைத் தூக்கிப் பார்த்தால் வளைவில் தண்ணீர் கோத்து நின்றது. அவர் விளக்கைப் போட்டு என் முதுகைத் தட்டினார். இருமி இருமித் தொண்டை புண்ணாயிற்று.

அதற்கப்புறம் துடைத்துவிட்டு மாட்டிப் பார்த்தேன், மறுபடியும் அதே. கன்னத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தாலே நெஞ்சு படபடக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று சாவதா, தண்ணீர் ஏறிச் சாவதா என்று ஆகிவிட்டது. மெஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். "கொஞ்ச நாள் போவட்டுங்க, பனி முடிஞ்சதும் மாட்டிக்கிறேன்" என்றேன். அவர் பழையபடி என் தோளை அசைத்துவிட ஆரம்பித்தார். பழையபடி தலை கனத்தது.

அந்த நேரத்தில்தான் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. பொங்கலுக்கு முன்னால் மறுபடியும் பேச்சுவார்த்தை. குழுவில் சிலர் இந்த முறை வேறு யாராவது பேசட்டும் என்றார்கள். நேரில் சொல்லவில்லை, ராமதிலகத்தின் வாயால் சொல்லி அனுப்பினார்கள். அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"உள்ள வாடி" என்றேன்.

"வேல கெடக்கு."

"நான் விலை போயிட்டேன்னு நீயும் நெனைக்கிறியா?"

அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை. "என் நெலமும் அதுலதானடி இருக்கு. நீ தூங்குனா எனக்கு யாரு பேசுவா?" என்றாள். போய்விட்டாள்.

கோபம் வந்தது. அவள் கேட்டதில் தப்பு இல்லை என்றும் தெரிந்தது. மறுநாள் நானே, "ஏங்க, தஞ்சாவூருக்குப் போய்ட்டு வந்துருவம்" என்றேன். மெஷின், மாஸ்க், குழாய் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

காத்திருக்கும் இடத்தில் கூட்டம். என்னைப்போலவே மடியில் மெஷின் பை வைத்துக்கொண்டு ரெண்டு மூன்று பேர். ஒருவரை ஒருவர் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டோம். ஜெயந்தி இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள், வயிறு நன்றாக இறங்கியிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள், "குழாய்ல தண்ணி நிக்குதா? பனிக் காலத்துல பாதிப் பேர் இதுக்குத்தான் வர்றாங்க. நீங்க மெஷினக் கழட்டிப் போடாம வந்தீங்களே" என்றாள். கழட்டிப் போட்டதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

காரணத்தை அவள் சொன்ன விதம் எனக்கு நன்றாகப் புரிந்தது. தொட்டியிலிருந்து வரும் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக வருகிறது. குழாயோ வெளியே பனியில் சில்லிட்டுக் கிடக்கிறது. சூடான காற்று குளிர்ந்த குழாயின் சுவரில் பட்டதும், அதில் இருக்கும் ஈரத்தைத் தாங்க முடியாமல் தண்ணீராக விட்டுவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்தும் புகவில்லை. மெஷினும் பழுதாகவில்லை.

அதுவரை கைகட்டி நின்றிருந்த என் வீட்டுக்காரர், "அப்ப இது படுதா வேர்க்கிற மாதிரிங்களா?" என்றார்.

"படுதாவா?" என்றாள் ஜெயந்தி.

"கொள்முதல் நெலையத்துல நெல்ல அம்பாரமா குவிச்சிப் படுதா போட்டு மூடுவங்க. ஈர நெல்லா இருந்தா உள்ள கதகதன்னு இருக்கும். மேல பனி. காலையில படுதாவத் தூக்குனா உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி நிக்கும். மழையே பெஞ்சிருக்காது."

ஜெயந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதேதாங்க! இனிமே எல்லாருக்கும் நான் இப்படியே சொல்லப் போறேன்" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப்போல் குழாயில் தண்ணீர் கோத்துப் பயந்து மெஷினை மூடி வைத்திருந்தால் அவர்களுக்காகவும் எழுதுகிறேன். மெஷின் தலைக்கு மேலே இருக்கக் கூடாது, படுக்கையை விடக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் கோக்கிற நீர் முகத்துக்கு வராமல் கீழ்ப்பக்கமாக இறங்கும். நாங்கள் அலமாரியின் உச்சியில் வைத்தது நேராக மூக்குக்கு வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி. ஈரத்தின் அளவை ஒரேயடியாக ஏற்றக் கூடாது. மூக்கு காயாத அளவுக்கு, ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். அடியோடு நிறுத்தினாலும் கஷ்டம். மின்விசிறிக் காற்றும் ஜன்னல் காற்றும் குழாயில் நேராகப் படக் கூடாது. குழாய்க்குக் கம்பளியோ கனத்த துணியோ உறை போட்டால் அது சில்லிடாது. போர்வைக்குள் விட்டுக்கொண்டாலும் நல்லது. உள்ளேயே சூடேறும் குழாய் என்று ஒன்று தனியாகக் கிடைக்கிறது, எல்லாம் செய்தும் சரியாகாவிட்டால் அதை வாங்கிக்கொள்ளலாம். காலையில் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயை அலசிக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். காற்றின் அழுத்தத்தை மட்டும் நாமாகத் தொடக் கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது.

"ஏன் முதல்லயே இதெல்லாம் சொல்லல?" என்று கேட்டேன். மருந்துச் சீட்டோடு தந்த தாளில் எல்லாம் இருந்ததாம். எலி தின்ற பாக்கிதான் வீட்டில் இருந்தது.

திரும்பி வந்ததும் அவர் மெஷினைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிலோரம் ஒரு குட்டை முக்காலியில் வைத்தார். எலி வராமல் சுற்றிலும் கம்பி வலை அடித்தார். ஜன்னல் கதவில் ஒன்றைச் சாத்தினார். மின்விசிறிக்குப் பதிலாகக் கொசுவலை கட்டினார். குழாய்க்கு உறை தைக்கக் கனமான துணி தேடிப் பழைய பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் தன் மப்ளரை எடுத்து வந்து என் மடியில் போட்டார். பனிக்காலத்தில் தலையோடு சேர்த்துக் காதை மூடிக் கட்டிக்கொள்கிற கம்பளி மப்ளர். விடிகாலையில் வயலுக்குப் போகும்போது அது இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

"இத வெட்டிட்டா நீங்க எதக் கட்டுவீங்க?"

"துண்டு இருக்கு. எனக்குப் பனி ஒண்ணும் பண்ணாது. நீ வெட்டு."

நான் தயங்கினேன். கத்தரிக்கோலை அவரே வாங்கி நீளவாட்டில் வெட்டினார். வெட்டிய பிறகு என்னால் என்ன சொல்ல முடியும்? ஓரத்தை மடித்துக் கையாலேயே தைத்தேன். குழாயின் மேல் ஏற்றியதும் அது ஒரு பழுப்பு நிறச் சாரைப்பாம்பு மாதிரி இருந்தது. ரெண்டு பேரும் சிரித்தோம்.

முதல் நாள் பயத்தோடுதான் மாட்டினேன். ஈரத்தை நடு எண்ணுக்குக் கொண்டுவந்திருந்தேன். காலையில் மாஸ்க்கைக் கழற்றி விரலால் உள்ளே தடவினேன். லேசாக ஒரு ஆவி, அவ்வளவுதான். மறுநாள் இன்னும் ஒரு எண் இறக்கினேன். அதோடு சுத்தமாக நின்றது. "ஏங்க, காஞ்சிருக்கு, பாருங்க" என்று அவரிடம் நீட்டினேன். நெல்லில் ஈரம் பார்க்கிறவர் மாதிரி அவரும் விரலை விட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்து அந்தக் கோடி வரை பார்த்தார். "ஈரப்பதம் சரியா இருக்கு. எடை போடலாம்" என்றார்.

பேச்சுவார்த்தைக்கு முன்னால் குழுக் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். எனக்கு இன்ன வியாதி, இன்ன மெஷின் வைத்துத் தூங்குகிறேன், அன்றைக்கு நடந்தது இதனால்தான் என்று. குறட்டை என்ற வார்த்தையை நாலு பேர் முன்னால் சொல்ல நாக்கு கூசியது. சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. யாரும் கைதட்டவுமில்லை. "சரி, நீங்களே பேசுங்க" என்று முடிந்தது.

அதே அறை, அதே நாற்காலி. தலைக்கு மேலே மின்விசிறி. இந்த முறை தூக்கம் இல்லை. அதிகாரிகள் பேசியதில் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டேன். அளவுக்கல் ஊன்றியதற்கும் வரைபடத்தில் இருப்பதற்கும் ராமதிலகத்தின் வயலில் வித்தியாசம் வருவதை அப்போதுதான் கவனித்துச் சொன்னேன். மறுபடி அளக்க வேண்டும் என்றேன். கதிர் வாங்கி நிற்கிற பயிரில் மண் அடிக்க வேண்டாம் என்றேன். "எங்கப்பா இந்த நெலத்துல மொத மொத அறுத்த நெல்லத் தொட்டுக் கும்பிட்டவரு. கடைசியா ஒரு வெள்ளாம வீட்டுக்கு வர விடுங்க" என்றேன். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அறுவடை முடியும் வரை வேலை நடக்காது, மறு அளவை செய்யப்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சாலை வரத்தான் போகிறது. மறு அளவையில் ராமதிலகத்தின் நிலம் பெரும்பாலும் தப்பியது. என்னுடையதில் மேற்குப் பக்கம் போகிறது. அதைப் பற்றி வழக்கு நடக்கிறது, எப்படி முடியும் என்று தெரியாது. எல்லாம் கிடைத்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான்.

வேனில் திரும்பும்போது ராமதிலகம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் தோளைத் தட்டிக் காட்டி, "ஊர் வர நேரமாவும். தூங்கணும்னா சாஞ்சி தூங்குடி" என்றாள்.

"தூக்கம் வரலடி" என்றேன்.

"வராட்டியும் சாஞ்சிக்க."

சாய்ந்துகொண்டேன்.

மாசியில் அறுவடை முடிந்தது. நெல் வீட்டுக்கு வந்தது, கொள்முதல் நிலையத்தில் வேலை மும்முரமாயிற்று. ஒருநாள் காலை நான் எழுந்து, மாஸ்க்கைக் கழற்றிக் குழாயைக் கொடியில் போட்டு, வாசல் தெளித்துக் காபி வைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து நான் எழுந்த பிறகு அவர் எழுந்ததே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயில் முகத்திலேயே விழுந்தது. அதுகூட அவரை எழுப்பவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மூச்சைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்த இத்தனை வருஷமும் இந்த மனுஷனும் தூங்கவில்லை. காலையில் எழுந்து மூட்டை தூக்கப் போயிருக்கிறார். எனக்காவது வியாதி என்று ஒரு பெயர் இருந்தது. நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா, மூச்சு நிற்காமல் வருகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தேன். சீராகத்தான் வந்தது. முந்தானையை விரித்து ஜன்னல் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய செல்போன் அடித்தது. பாய்ந்து எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கொள்முதல் நிலைய மேஸ்திரி.

"கலியமூர்த்தி எங்கம்மா? லாரி வந்து நிக்குது, எழுப்பி விடுங்க."

"தூங்குறாங்க" என்றேன். "எழுப்ப மாட்டேங்க. அவங்களா எழுந்திரிச்சதும் வருவாங்க."